புல்லுக்கும் ஒரு பட்டம்

என்னிடம் பல ஆண்டுகளுக்கு முன் படித்த மாணவர் ஒருவர் அண்மையில் தொலைபேசியில் ஒரு கேள்வி கேட்டார். கறவை மாடுகள் வாங்கியிருக்கிறார். நியூசிலாந்தில் பசுக்கள் முழங்கால் அளவு பச்சையில் நின்று மேய்வதைக் காணொளி ஒன்றில் பார்த்திருக்கிறார். அந்தப் புல்லின் பெயர் ரைகிராஸ் என்று தெரிந்துகொண்டு, "சார், நம்ம சோழபுரத்துல அது வருமா? எந்த மாசம் விதைக்கணும்?" என்றார். தமிழ் வாத்தியாரிடம் கேட்க வேண்டிய கேள்வி அன்று. ஆனால் எங்கள் வீட்டில் புல் பயிரிட்டிருப்பது அவருக்குத் தெரியும். அவருக்குச் சொன்ன பதிலைச் சற்று விரித்து இங்கே எழுதிவைக்கிறேன். புல்லைப் பற்றி நாம் கேட்க மறந்துபோன சில கேள்விகள் அதற்குள் இருக்கின்றன.

ரைகிராஸ் குளிர்நிலத்துப் புல். ஓராண்டில் முடிந்துபோகும் வகையும் உண்டு, பல்லாண்டு நிற்கும் வகையும் உண்டு. அயர்லாந்து, இங்கிலாந்து, நியூசிலாந்து ஆகிய நாடுகளின் பால்வளம் பெரும்பாலும் இந்தப் புல்லையும் இதனோடு சேர்த்து விதைக்கப்படும் வெள்ளை குளோவரையும் நம்பியே நிற்கிறது. குளிர்காலம் மிதமாக இருக்கும் இடங்களில் கோடை முடிந்து வெயில் தணியும்போது இதை விதைப்பார்கள். வட இந்தியச் சமவெளிகளில் அக்டோபர் மாதத்தில் விதைத்துக் குளிர் நீடிக்கும்வரை அறுத்துக்கொள்வது உண்டு. தமிழ்நாட்டில் இதற்கு இடம் உண்டென்றால் அது நீலகிரி, கொடைக்கானல் போன்ற மலையுச்சிகளில்தான். நம் பங்குனி வெயிலுக்கு முன்னால் இந்தப் புல் நிற்காது. ஆகவே சோழபுரத்துக்கு ரைகிராஸ் வேண்டாம் என்று அவரிடம் சொன்னேன்.

ஆனால் 'எந்த மாதம்' என்ற அவருடைய கேள்வி நல்ல கேள்வி. நெல்லுக்கும் பருத்திக்கும் பட்டம் பார்க்கும் நாம் புல்லுக்கு ஒரு பட்டம் உண்டென்று நினைப்பதேயில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது. நம் மரபில் புல் என்பது யாரும் நடாமல் வருவது. தொல்காப்பியர் மரபியலில் புறத்தே வயிரமுடையவற்றைப் புல் என்றும் அகத்தே வயிரமுடையவற்றை மரம் என்றும் வகுத்தார். அந்த வகுப்பின்படி பனையும் தென்னையும் மூங்கிலும் புல்லினம். இவ்வளவு நுட்பமாகப் புல்லை அறிந்த மரபில் புல்லை விதைக்கும் உழவனை நான் சந்தித்ததில்லை. வள்ளுவர் வான்சிறப்பில் புல்லைச் சொல்லும்போது அது மழைக்கு அளவுகோலாக நிற்கிறது. ஔவையார் மூதுரையில் சொல்லும்போது அது நெல்லுக்கு ஓடும் வாய்க்காலின் கசிவில் பிழைத்துக்கொள்ளும் செடியாக இருக்கிறது. தனக்கென்று ஒரு பாத்தியும் தனக்கென்று ஒரு மடை நீரும் புல்லுக்கு எழுதப்படவில்லை.

அப்படி எழுதாமல் இருந்தது சரிதான். முல்லை நிலம் முழுக்கப் புல் இருந்தது. முல்லைக்குப் பெரும்பொழுது கார் என்று இலக்கணம் வகுத்தார்கள். ஆவணி, புரட்டாசி மழையில் காடு தழைக்கும். ஆயர் மாடுகளை ஓட்டிச்செல்வார்கள். எங்கள் வட்டாரத்தில் இந்தக் கணக்கு சற்றுத் தள்ளிப்போகும். மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் இருப்பதால் தென்மேற்குப் பருவமழையை மலை மறித்துக்கொள்கிறது. எங்களுக்குப் பெருமழை ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பெய்யும் வடகிழக்குப் பருவமழை. அந்த மழையில் முளைத்த புல் மார்கழியில் செழித்து நிற்கும். ஸ்ரீவில்லிபுத்தூரை ஆயர்பாடியாகப் பாவித்துக்கொண்ட ஆண்டாள், திருப்பாவையின் எட்டாம் பாசுரத்தில் 'சிறுவீடு' என்றொரு சொல்லை வைத்திருக்கிறார். விடியலில், பெருமேய்ச்சலுக்கு ஓட்டுவதற்கு முன், வீட்டையடுத்த சிறு தோட்டத்தில் எருமைகளைப் பனிப்புல் மேய விடுவது என்று உரையாசிரியர்கள் விளக்குவார்கள். வகுப்பில் இதைச் சொல்லும்போது அது பக்திக் காட்சி மட்டுமன்று, இந்த மண்ணின் புல் நாட்காட்டியோடும் பொருந்துவது என்று சேர்த்துச் சொல்வது என் வழக்கம். மார்கழிதான் இங்கே புல்லின் உச்சம்.

இன்று அந்தப் பெருமேய்ச்சலும் இல்லை, சிறுவீடும் இல்லை. மூன்று கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடிக்கொண்டன.

முதலாவது மலை. ஸ்ரீவில்லிபுத்தூர் மலைப்பகுதி 1988-இல் சாம்பல்நிற மலை அணில் சரணாலயமாயிற்று. 2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழ்நாட்டு வனங்கள் அனைத்திலும் கால்நடை மேய்ச்சலுக்குத் தடை விதித்து, அதே மாதத்தில் அதைத் தேசியப் பூங்காக்கள், சரணாலயங்கள், புலிகள் காப்பகங்கள் என்ற அளவுக்குக் குறுக்கியது. எங்கள் மலை அந்தக் குறுகிய வட்டத்துக்குள்ளேதான் இருக்கிறது. புலிக்கும் அணிலுக்கும் காடு வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. மலைமாடு மேய்த்தவர் எங்கே போவார் என்ற கேள்வியும் அதனால் மறைந்துவிடுவதில்லை.

இரண்டாவது மந்தையும் கண்மாய்ப் புறம்போக்கும். அவற்றைச் சீமைக்கருவேலம் எடுத்துக்கொண்டது. அதன் நெற்றை ஆடு தின்னும். ஆனால் அந்த அடர்ந்த புதருக்குக் கீழே புல் தலையெடுக்காது.

மூன்றாவது வரப்பு. இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. வரப்புப் புல்லை அறுத்துக் கட்டி, தலைச்சுமையாகக் கொண்டுவந்து ஒரு மாட்டையோ இரண்டு ஆட்டையோ காப்பாற்றிய பெண்கள் எங்கள் ஊரில் ஏராளம். நிலமில்லாதவர்களுக்கும் மாடு இருந்தது என்றால் அதற்கு வரப்புதான் காரணம். அடுத்தவர் வரப்பில் புல்லறுக்க யாரும் காசு கேட்டதில்லை. வரப்பு சுத்தமாயிற்று என்று மகிழ்ந்தார்கள். இன்று ஆள் கூலிக்குப் பயந்து வரப்புக்குக் களைக்கொல்லி அடிக்கிறார்கள். பச்சையாக நின்றது பத்து நாளில் வைக்கோல் நிறமாகிறது. அதை மாட்டுக்குப் போடவும் பயம்.

என் அம்மா எழுபதைக் கடந்தவர். திருமணமாகி இந்த ஊருக்கு வந்த நாள் முதல் பண்ணை அரிவாளோடு வரப்புக்குப் போனவர். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் அரைக்கட்டுப் புல்லோடு திரும்பிவந்து, "எங்க பாத்தாலும் மருந்து அடிச்சிருக்காக" என்று உட்கார்ந்துவிட்டார். மாட்டை விற்றுவிடலாம் என்றார் அண்ணன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு அண்ணனே கிணற்றை ஒட்டிப் புல் நடலாம் என்று சொன்னபோது அம்மா கேட்டது எனக்கு மறக்காது: "புல்லப் போயி நடுவாகளாப்பா? அது தானா மொளைக்கிறது இல்லையா?" தொல்காப்பியர் முதல் ஔவையார் வரையிலான மரபு முழுவதும் அந்தக் கேள்வியில் இருந்தது. அதற்கு விடையாக நாங்கள் கற்றுக்கொண்டவற்றை இனி எழுதுகிறேன்.

முதலில் தீர்மானிக்க வேண்டியது தண்ணீர். எந்தப் புல் என்பதைத் தண்ணீர்தான் சொல்லும். கிணற்றுப் பாசனம் உள்ளவர்களுக்குக் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல். கம்பையும் ஆப்பிரிக்க நேப்பியர் புல்லையும் இணைத்து உருவாக்கியது. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் 2008-இல் வெளியிட்ட கோ-4 என்ற இரகம்தான் இன்று ஊரெங்கும் காணப்படுவது. நன்றாகப் பராமரித்தால் எக்டேருக்கு ஆண்டில் 380 முதல் 400 டன் வரை கிடைக்கும் என்பது பல்கலைக்கழகத்தின் கணக்கு. ஒரு எக்டேர் 247 சென்ட். ஆக ஒரு சென்டில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,600 கிலோ, நாளொன்றுக்கு நான்கு கிலோவுக்குச் சற்று மேல். ஒரு கறவை மாட்டுக்கு நாளைக்கு 25 கிலோ பசுந்தீவனம் என்று வைத்தால் ஆறு சென்ட் போதும் என்று காகிதம் சொல்லும். மின்சாரம், கோடை, பூச்சி எல்லாவற்றையும் கழித்து, மாடு ஒன்றுக்குப் பத்து சென்ட் என்று வைத்துக்கொள்வது நல்லது.

மானாவாரி நிலம் மட்டும் உள்ளவர்களுக்குக் கொழுக்கட்டைப் புல். இது நம் வறண்ட நிலத்துக்குப் பழகிய புல். ஆண்டுக்கு எக்டேருக்கு 40 டன் அளவில் தரும். அதாவது கம்பு நேப்பியரில் பத்தில் ஒரு பங்கு. அந்தக் குறைவைப் பார்த்து ஒதுக்கிவிடக் கூடாது. அது ஒரு மடை நீர் கேட்காமல் தருகிற 40 டன். ஆறு சென்ட் இறவை நிலமும் அறுபது சென்ட் மானாவாரி நிலமும் ஒரு மாட்டுக்குச் சமம் என்று அண்ணனிடம் கணக்குப் போட்டுக் காட்டினேன். தரிசாகக் கிடந்த மேட்டு நிலத்துக்கு அப்படித்தான் ஒரு வேலை கிடைத்தது.

கம்பு நேப்பியரைத் தண்ணீர் இருந்தால் எந்த மாதமும் நடலாம். ஆனாலும் கடுங்கோடையில் நட்டால் கரணை காய்ந்துபோகும். விடா மழையில் நட்டால் அழுகும். எங்கள் பக்கத்துக்குப் புரட்டாசித் தொடக்கமும் தை மாதமும் நல்ல பட்டங்கள். எக்டேருக்கு 25 டன் தொழு உரம் என்பது பரிந்துரை. சென்டுக்கு நூறு கிலோ என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். உழுது, தொழு உரம் கலந்து, 60 சென்டிமீட்டர் இடைவெளியில் பார் பிடிக்க வேண்டும். இரண்டு மூன்று கணுவுள்ள தண்டுக் கரணைகளை, ஒரு கணுவாவது மண்ணுக்குள் இருக்கும்படி, பாரின் பக்கவாட்டில் 50 சென்டிமீட்டருக்கு ஒன்றாக ஊன்ற வேண்டும். சென்டுக்கு ஏறத்தாழ 135 கரணை பிடிக்கும். நட்டவுடன் ஒரு தண்ணீர், மூன்றாம் நாள் உயிர்த்தண்ணீர், பிறகு பத்து நாளுக்கு ஒரு முறை. முதல் மாதத்தில் ஒரு கைக்களை எடுத்தால் அதன்பின் புல்லே களையை மூடிவிடும். முதல் அறுவடை 75 முதல் 80 நாளில். அதன்பின் 45 நாளுக்கு ஒன்றாக ஆண்டுக்கு ஏழு அறுப்பு. ஒவ்வொரு அறுப்புக்குப் பின்னும் சாணம் கரைத்த நீரோ மேலுரமோ கொடுக்காவிட்டால் மூன்றாம் அறுப்பிலேயே தூர் மெலிந்துவிடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கோ-4 விதை என்று சொல்லிப் பொட்டலம் விற்பவர்கள் இருக்கிறார்கள். எங்கள் உறவினர் ஒருவர் அப்படி வாங்கி ஏமாந்தார். கழுதையும் குதிரையும் கூடிப் பிறந்த கோவேறு கழுதை குட்டி போடாததைப் போல, இந்த ஒட்டுப்புல்லும் முளைக்கும் விதை தராது. இது கரணையால் மட்டுமே பெருகும். பக்கத்துத் தோட்டத்திலோ, அரசு கால்நடைப் பண்ணையிலோ, பல்கலைக்கழக நிலையத்திலோ கரணை வாங்குங்கள். முதலில் இரண்டு சென்ட் நட்டால் போதும். அடுத்த ஆண்டு வேண்டிய கரணையை அதுவே தந்துவிடும்.

கொழுக்கட்டைப் புல்லின் பாடம் வேறு. இதை விதைக்க வேண்டும். புதிதாகச் சேகரித்த விதை ஆறிலிருந்து எட்டு மாதம் உறங்கும். சென்ற ஆண்டு விதைதான் இந்த ஆண்டுக்கு ஆகும். அவசரமென்றால் ஒரு விழுக்காட்டுப் பொட்டாசியம் நைட்ரேட் கரைசலில் 48 மணி நேரம் ஊறவைத்தால் உறக்கம் கலையும். ஏக்கருக்கு மூன்று கிலோ விதை போதும். விதை பஞ்சுபோல் இருப்பதால் மணலோடு கலந்து, வரிசைக்கு ஒன்றரை அடி விட்டுத் தூவி, மேலாக மண்ணால் மூட வேண்டும். ஆழத்தில் விழுந்தால் முளைக்காது. காலம் புரட்டாசிக் கடைசி. முதல் பெருமழைக்கு முன் விதை மண்ணில் இருக்க வேண்டும். முதல் அறுப்பு 70 முதல் 75 நாளில் வரும். அதுதான் மார்கழி! பிறகு மழையைப் பொறுத்து நான்கு முதல் ஆறு அறுப்பு. முதல் ஆண்டில் மாட்டை உள்ளே விடாமல் வேலியிட்டுக் காத்து, ஒரு பகுதியையாவது பூத்து விதை உதிர விட்டால், அடுத்த ஆண்டு அது தானாக முளைக்கும். அம்மா சொன்ன புல்லாக அது மாறிவிடும்.

ஒரு நாட்டுப் புல் இன்னொரு நாட்டில் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு இந்தக் கொழுக்கட்டைப் புல்லே சான்று. மேய்ச்சலுக்காக ஆஸ்திரேலியாவுக்கும் அமெரிக்காவின் அரிசோனாப் பாலைக்கும் கொண்டுபோகப்பட்டது. இங்கே பணிவாக வளரும் புல் அங்கே கட்டுக்கடங்காமல் பரவி, காய்ந்து, தீப்பற்றி, தீயறியாத பாலைநிலத்துப் பெருங்கள்ளிகளை எரித்துக்கொண்டிருக்கிறது. நீலகிரியிலும் இதற்கு மறுதலையான கதை உண்டு. சோலைகளுக்கிடையே இருந்த இயற்கைப் புல்வெளிகளை வீண்நிலம் என்று கருதி வாட்டிலும் யூக்கலிப்டசும் பைனும் நட்டார்கள். தோடர்களின் எருமைகள் மேய்ந்த நிலம் சுருங்கியது. புல்லைத் தேர்வதில் அழகுக்கும் ஆசைக்கும் இடம் குறைவு. நிலமும் மழையும் ஒப்ப வேண்டும்.

புல்லை மட்டும் தின்னும் மாடு நலமாக இருக்காது. நேப்பியர் வகையில் ஆக்சலேட் என்ற பொருள் உண்டு. அதையே நாள்தோறும் போட்டால் உடலில் சுண்ணாம்புச் சத்து குறையும். மூன்று பங்கு புல்லுக்கு ஒரு பங்கு பயறுவகைத் தீவனம் சேர்க்க வேண்டும். தண்ணீருள்ள இடத்தில் வேலிமசால், மானாவாரியில் முயல்மசால். கொழுக்கட்டைப் புல் மூன்று வரிசைக்கு முயல்மசால் ஒரு வரிசை என்று சேர்த்தே விதைக்கலாம். இவற்றின் விதைத்தோல் கடினமானது. நீரைச் சூடாக்கி, கொதி வருமுன் இறக்கி, அதில் நான்கு நிமிடம் விதையைப் போட்டெடுத்து, இரவு முழுதும் குளிர்ந்த நீரில் ஊறவைத்து விதைத்தால் முளைப்பு நன்றாக இருக்கும். இளஞ்சோளம், குறிப்பாக மழையின்றி வாடி நிற்கும் இளஞ்சோளம், மாட்டைக் கொல்லும் நஞ்சு கொண்டது. பூக்கும்வரை காத்திருந்தே அறுக்க வேண்டும்.

அறுப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. மரத்தின் வளர்ச்சி நுனியில், புல்லின் வளர்ச்சி அடியில். அதனால்தான் மேய மேயத் தழைக்கிறது. அந்த அடியைத் தரையோடு தரையாகச் சீவினால் தூர் செத்துவிடும். நான்கைந்து விரற்கடை விட்டு அறுக்க வேண்டும். கொழுக்கட்டைப் புல்லைப் பூ வெளிவரும் வேளையில் அறுத்து நிழலில் உலர்த்திக் கட்டிவைத்தால் சித்திரை, வைகாசிக்கு ஆகும். மார்கழிப் பசுமையில் சேமிக்காத வீட்டில் கோடையில் மாடு விற்பனைக்கு வரும். இது எங்கள் ஊர்ச் சந்தை ஆண்டுதோறும் சொல்லும் செய்தி.

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெருமைதான். கோவாவுக்குப் பின்னால் பால், பாலுக்குப் பின்னால் மாடு, மாட்டுக்குப் பின்னால் புல், புல்லுக்குப் பின்னால் அதை அறுத்துச் சுமந்துவரும் ஒரு பெண் இருக்கிறார். கிணறும் பத்து சென்டும் உள்ள எங்களைப் போன்றவர்கள் எப்படியோ பிழைத்துக்கொள்வோம். வரப்பை மட்டும் நம்பி மாடு வைத்திருந்தவர்கள் நான் மேலே எழுதியவற்றில் எதையும் செய்ய முடியாது. அவர்களிடம் நடுவதற்கு நிலமில்லை.

அவர்களுக்காக ஒன்று சொல்லத் தோன்றுகிறது. இராஜபாளையம் முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் வரை தென்னந்தோப்புகளுக்குக் குறைவில்லை. தென்னை நிழலில் கினியாப்புல் நன்றாக வரும். அதை வேரோடு கூடிய தூர்க் கரணை வைத்து நடலாம். தென்னைக்குப் பாயும் நீரே அதற்கும் போதும். தோப்பின் ஒரு மூலையில் இருபது சென்டைப் புல்லறுக்கும் பெண்கள் இருவரிடம் விட்டால், அவர்கள் அறுத்துக்கொண்டு சாணத்தைத் திருப்பித் தருவார்கள். தோப்புக்கு எருவும் ஆயிற்று, களைக்கொல்லிச் செலவும் மிச்சம். என் மாணவரிடம் இதையும் சொன்னேன். அவருடைய மாமனாருக்குத் தோப்பு இருக்கிறது. "ரைகிராஸ் கேட்டா என்னென்னமோ சொல்றீங்களே சார்" என்று சிரித்தார். புரட்டாசி பிறப்பதற்குள் கரணை வேண்டும் என்று மறுநாள் அண்ணனுக்குப் பேசியிருக்கிறார். கோ-4 பத்து சென்டுக்கு, கினியா இருபது சென்டுக்கு.